சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: இயல்பான தேய்மானம் எது, பழுது எது? பார்ப்பது முதல் பராமரிப்பது வரை

புது ரிவால்வர். நூறு ரவுண்டு சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து துடைக்கும்போது, தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளையான சிலிண்டரைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. கறுப்பு மெருகு தேய்ந்து இரும்பு வெளுத்துத் தெரிகிறது. ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். டெக்சாஸில் என்னோடு சுடுதளத்துக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “இது போயிடுச்சா?”

போகவில்லை. ஆனால் அதே கோட்டைப் பார்த்துப் பதறி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே நோண்டியவர்களின் ரிவால்வர் உண்மையிலேயே போயிருக்கிறது. என் அனுபவத்தில் இந்த வகைத் துப்பாக்கி சுட்டுக் கெடுவதைவிட, தேவையில்லாமல் பிரித்தும் தேய்த்தும் கெடுவதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் கைவேலையைவிடப் பார்க்கும் வேலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எந்தத் தடம் உழைப்பின் அடையாளம், எந்தத் தடம் இரும்பு தளர்வதன் அறிகுறி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மற்ற வேலை அரைமணி நேரம்தான்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் ஹேமரை, அதாவது அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ட்ரிக்கரின் வேலை ஹேமரை விடுவிப்பது மட்டுமே. இந்தக் குடும்பத்தின் மூதாதை 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா போன்றவர்கள் செய்யும் நகல்களும் ஏறக்குறைய அதே உள்ளமைப்பைக் கொண்டவை. உள்ளே பட்டை ஸ்பிரிங்குகள் இருக்கும்.

இன்னொரு கிளை ரூகர். 1953-இல் சிங்கிள் சிக்ஸ், 1955-இல் பிளாக்ஹாக் என்று வந்தபோது, பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள். அவை லேசில் உடையாது. 1973-இல் ‘நியூ மாடல்’ வந்தது. ஹேமருக்கும், தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற சிறு தகடு. ட்ரிக்கரை அழுத்திப் பிடித்திருந்தால் மட்டுமே அது மேலே வந்து அடியைக் கடத்தும்.

வகை தெரிவது பராமரிப்புக்கு மட்டுமல்ல, உயிருக்கும் முக்கியம். கோல்ட் வகையில் ஹேமர் இறங்கியிருந்தால் ஃபயரிங் பின் நேராகத் தோட்டாவின் பற்றவைப்பு மூடியான பிரைமர்மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால்தான் ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போட வேண்டும், ஹேமர் காலி அறைமேல் இறங்கியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. உடற்சட்டமான ஃப்ரேமின் பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ தெரிகிற பழைய ரூகருக்கும் இதே விதிதான். அப்படியொன்று உங்களிடம் மாற்றப்படாமல் இருந்தால், ரூகர் நிறுவனமே இலவசமாக ட்ரான்ஸ்ஃபர் பார் அமைப்பைப் பொருத்திக் கொடுக்கிறது. கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்புவார்கள். தயங்காமல் அனுப்புங்கள்.

தொடுவதற்கு முன்

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். இரட்டை ஆக்‌ஷன் ரிவால்வர் போல இதில் சிலிண்டர் வெளியே சாயாது. ஒரே பார்வையில் ஆறு அறையையும் பார்க்க முடியாது. குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். கோல்ட் வகையில் ஹேமரைப் பாதித் தூரத்தில் நிற்கும் ஹாஃப் காக் நிலைக்கு இழுத்து, தோட்டா போடும் சிறு கதவான கேட்டைத் திறக்க வேண்டும். நியூ மாடல் ரூகரில் ஹேமரைத் தொடவே வேண்டாம், கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுற்றும். ஒவ்வொரு அறையாகத் திருப்பி, காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். கண் ஏமாறலாம், தண்டு ஏமாறாது. ஆறு என்று எண்ணி முடித்த பிறகு இன்னொரு சுற்று எண்ணுங்கள்.

கவலைப்பட வேண்டாத தடங்கள்

சிலிண்டரைச் சுற்றிய கோட்டிலிருந்து தொடங்குவோம். சிலிண்டரின் வெளிச்சுற்றில் ஆறு பள்ளங்கள் இருக்கும். ஃப்ரேமின் அடியிலிருந்து போல்ட் என்ற சிறு இரும்பு நாக்கு எழும்பி, பள்ளத்தில் விழுந்து, சுடும் நேரத்தில் சிலிண்டரைப் பூட்டுகிறது. அந்த நாக்கு பள்ளத்துக்கு வெளியே சிலிண்டரைத் தொட்டால் கோடு விழும். நியூ மாடல் ரூகரில் கேட்டை மூடியதுமே நாக்கு எழும்பிவிடும். சிலிண்டர் எந்த நிலையில் நிற்கிறதோ அங்கே உரசும். ஆகவே அதில் கோடு விழுந்தே தீரும். அது இயல்பு.

கோல்ட் வகையில் கதை வேறு. அங்கே நாக்கு, பள்ளத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் சரிவில் விழும்படி நேரம் கணித்துச் செய்யப்பட்டது. சரியாகக் கையாண்டால் கோடு அநேகமாக விழாது. விழுந்திருந்தால், பெரும்பாலும் யாரோ ஹேமரை ஹாஃப் காக்கிலிருந்து நேராகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாக்கு கண்ட இடத்தில் சிலிண்டர்மேல் ஏறி உட்காரும். அடுத்த முறை சுற்றும்போது இழுத்துக்கொண்டே போகும். ஹாஃப் காக்குக்கு வந்துவிட்டால் முழுவதும் பின்னுக்கு இழுத்து, பிறகுதான் மெல்ல இறக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் கோல்ட் வகை ரிவால்வரின் ஆயுளைக் கூட்டும். துப்பாக்கியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் நண்பர்களிடமும் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

குழல் முனையிலும் சிலிண்டரின் முன் விளிம்பிலும் மெருகு தேய்ந்து வெள்ளி போல மின்னுவது தோல் உறைக்குள் போய் வருவதால். விட்டுவிடுங்கள். சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு அறைவாயைச் சுற்றியும் படியும் கருவளையமும் அப்படித்தான். அதை வெள்ளையாக்கியே தீருவேன் என்று சொரசொரப்பான பொருளால் தேய்ப்பவர்கள் கரியோடு மெருகையும் சேர்த்து உரிக்கிறார்கள். அடுத்த ஐந்தாவது ரவுண்டில் அது திரும்ப வந்துவிடும்.

.357 மேக்னம், .44 மேக்னம் போன்ற வலுவான தோட்டாக்களைச் சுடுகிறவர்கள் குழலின் பின்வாய்க்கு நேர் மேலே, ஃப்ரேமின் மேல்பட்டையின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்கே ஒரு கீறல் தெரியும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே பீறிடும் தீ அரித்த தடம் அது. ஓரளவு ஆழம் போனதும் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். எடை குறைந்த குண்டை முழு மேக்னம் மருந்தோடு சுட்டால் சீக்கிரம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வளராமல் இருந்தால் மறந்துவிடலாம்.

மேசைமேல் ஒரு பரிசோதனை

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட் ஒருவர் இருந்தார். துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஹேமரை இழுப்பார். ஓசையைக் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பார். அவரிடம் கற்றுக்கொண்ட வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். துப்பாக்கி காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

1. ஓசை. கோல்ட் வகையில் ஹேமரை மிக மெதுவாக இழுத்தால் நான்கு க்ளிக் கேட்கும். முதலாவது ஹேமரின் பாதுகாப்புப் பள்ளம், இரண்டாவது ஹாஃப் காக், மூன்றாவது நாக்கு சிலிண்டர்மேல் எழும்பும் ஓசை, நான்காவது சுடத் தயாரான முழு காக். நிறுவனத்தின் பெயரில் எழுத்துக்கு ஒரு க்ளிக் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. ரூகர் நியூ மாடலில் ஹாஃப் காக் கிடையாது என்பதால் இத்தனை ஓசை இருக்காது. உங்கள் துப்பாக்கி புதிதாக இருக்கும்போது எப்படி ஒலித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. டைமிங். ஒரு விரலைச் சிலிண்டர்மேல் லேசாக வைத்து, கொஞ்சம் தடை கொடுத்தபடி ஹேமரை மெல்ல இழுங்கள். ஹேமர் முழு காக்கில் நிற்பதற்கு முன்போ, நிற்கும் அதே கணத்திலோ நாக்கு பள்ளத்தில் விழுந்து சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் பாருங்கள். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல், விரலால் கொஞ்சம் தள்ளினால்தான் ‘டக்’ என்று விழுகிறது என்றால், சிலிண்டரைத் தள்ளும் ஹேண்ட் என்ற பாகமோ அது தள்ளும் பற்சக்கரமோ தேய்ந்திருக்கிறது. ஓர் அறையில் மட்டும் இப்படி என்றால் பெரும்பாலும் அந்த ஒரு பல்தான். இது கவனிக்க வேண்டிய தேய்மானம். குழலுக்கு நேராக வராத அறையிலிருந்து கிளம்பும் குண்டு பின்வாயில் உரசி ஈயத்தைச் சீவி எறியும். பக்கத்தில் நிற்பவரின் கன்னத்தில்தான் அது படும்.

3. வேகமாக இழுத்தால் சிலிண்டர் பள்ளத்தைத் தாண்டி ஓடுகிறதா? ஓடினால் நாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பள்ளத்தின் விளிம்பு அடிபட்டு மழுங்கியிருக்கும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பள்ளங்களைப் பாருங்கள். நாக்கு வந்து மோதும் பக்கத்தில் இரும்பு புடைத்து உதடு போல எழும்பியிருந்தால், யாரோ உள்ளங்கையால் ஹேமரை அறைந்து அறைந்து சுட்டிருக்கிறார்கள். திரைப்படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் அந்த வித்தை, நாக்கையும் பள்ளத்தையும் தின்றுவிடும். பழைய துப்பாக்கி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

4. தள்ளிப் பார்த்தல். முழு காக்கில் வைத்து, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி உறுதியாக அழுத்துங்கள். விழக்கூடாது. விழுந்தால் அன்றோடு அந்தத் துப்பாக்கியைச் சுடுவதை நிறுத்திவிட்டு துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோங்கள். இதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

5. முன்பின் ஆட்டமும் இடைவெளியும். நம் ஊரில் புல்லட் பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வைத்திருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜேதான் இதற்கும். ஹேமரை இறக்கி, சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, குழலின் பின்வாய்க்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள். பிறகு சிலிண்டரை முன்னுக்குத் தள்ளி அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். பின்னுக்குத் தள்ளிய நிலையில் இடைவெளி 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருந்தால் ஆரோக்கியம். 0.25-ஐத் தாண்டினால் காட்டுங்கள். முன்பின் ஆட்டம் 0.05, 0.08 என்றால் நல்லது. 0.10-ஐத் தாண்டி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் அதையும் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன் கரியைத் துடைத்துவிடுங்கள். கரியே ஒரு தகடு கனம் இருக்கும்.

பக்கவாட்டில் ஆட்டம் கொஞ்சம் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முழு காக்கில் சிலிண்டரைப் பிடித்து ஆட்டினால் மிக லேசாக அசையத்தான் வேண்டும். குழலின் பின்வாய் புனல் போல விரிந்திருப்பது குண்டை நடுவுக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

நியூ மாடல் ரூகர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹேமரை இழுத்து, ட்ரிக்கரை அழுத்தி, ஹேமரை மெல்ல இறக்கியபடி ட்ரிக்கரை விடாமல் பிடித்திருங்கள். ட்ரான்ஸ்ஃபர் பார் மேலே நிற்கும். ட்ரிக்கரை விட்டதும் வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் உள்ளே பிசுக்கு இருக்கிறது என்று பொருள்.

மூன்றே க்ளிக்

இந்தப் பரிசோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு கோல்ட் வகை நகல் இருக்கிறது. .45 கோல்ட், ஐந்தரை அங்குலக் குழல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மறுநாள் பழைய பாணித் துப்பாக்கிகளால் சுடும் கௌபாய் ஆக்‌ஷன் போட்டிக்குப் போவதற்காக உறையை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஹேமரை மெல்ல இழுத்தேன். ஒன்று. இரண்டு. பிறகு நேராகக் கடைசி க்ளிக். நடுவில் ஒன்றைக் காணவில்லை. மறுபடி இழுத்தேன். மூன்றுதான். சிலிண்டரை விரலால் தொட்டால், காற்றாடி போலச் சுற்றியது.

பிரித்துப் பார்த்தபோது, ட்ரிக்கருக்கும் நாக்குக்கும் பொதுவான இரண்டு கால் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு கால் வேரோடு ஒடிந்து, எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நகம் அளவுத் துண்டு. ட்ரிக்கர் பக்கத்துக் கால் நன்றாக இருந்ததால் ட்ரிக்கர் வழக்கம்போலவே வேலை செய்தது. சுடுதளத்தில் காதில் மஃப் போட்டிருப்போம். அந்தச் சின்ன ஓசையின் இல்லாமையைக் கவனித்திருக்கவே மாட்டேன். பூட்டாத சிலிண்டரோடு சுட்டிருப்பேன்.

கோல்ட் வகையில் மிக அடிக்கடி உடைகிற பாகம் இந்த ஸ்பிரிங்தான். அடுத்தது, ஹேண்டின் முதுகில் இருக்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங். இரண்டும் உடைவது தயாரிப்புக் குறை ஆகாது. வளைந்து நிமிர்ந்து வேலை செய்யும் பட்டை எஃகு ஒருநாள் களைத்துப்போகும், அவ்வளவுதான். பட்டைக்குப் பதிலாகக் கம்பியில் செய்த மாற்று ஸ்பிரிங் கிடைக்கிறது. அது வெகுநாள் உழைக்கும். சில டாலர்தான். ஒன்றைப் பொருத்தி, இன்னொன்றைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

சுத்தம் செய்தல்

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரியோடு ஈயமும் வரும். சமையலறை மேசை வேண்டாம். முடித்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு குழந்தைகளைத் தூக்குங்கள். சுடுதளத்துக்குப் போட்டுப்போன சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.

சிலிண்டரை எடுப்பது எளிது. கோல்ட் வகையில் ஹாஃப் காக், நியூ மாடல் ரூகரில் ஹேமர் கீழே. கேட்டைத் திறந்து, ஃப்ரேமின் முன்பக்கத்தில் குறுக்கே இருக்கும் பொத்தானை அழுத்தியபடி, சிலிண்டர் சுற்றும் அச்சான பேஸ் பின்னை முன்னால் உருவினால், சிலிண்டர் கேட் இருக்கும் வலப்பக்கமாக உருண்டு கையில் விழும். பேஸ் பின் எளிதில் வரவில்லை என்றால் இடுக்கியால் பிடுங்காதீர்கள். பின்னில் விழும் பல்தடம் பிறகு சிலிண்டரின் உள்துளையை அறுக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். கோல்ட் வகையில் சிலிண்டரின் நடுத்துளைக்குள் புஷ் என்ற சிறு குழாய் தனியாக இருக்கும். அது நழுவி உருண்டுபோய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவிப் போட வேண்டிய பாகம் அது. பலர் ஆண்டுக்கணக்கில் எடுப்பதே இல்லை.

குழலைப் பின்பக்கத்திலிருந்து சுத்தம் செய்ய முடியாது, ஃப்ரேம் மறைக்கும். குழல் முனையிலிருந்து பிரஷ்ஷைத் திணிப்பதும் நல்லதல்ல. முனையின் உள்விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் குறி விலகும். நான் செய்வது இது: வெறும் தண்டை மட்டும் முனை வழியாக, விளிம்பில் படாமல் உள்ளே விட்டு, சிலிண்டர் இருந்த இடத்தில் தலை வெளியே வந்ததும் அங்கே வெண்கல பிரஷ்ஷைத் திருகிப் பொருத்தி, முன்னோக்கி இழுத்து வெளியே எடுத்துக் கழற்றிவிடுவேன். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் பிரஷ் எப்போதும் ஒரே திசையில், குண்டு போகும் திசையில் மட்டும் போகும்.

கரைப்பான் நனைத்த துணியை முதலில் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஹாப்பீஸ் நம்பர் 9 என்கிற கரைப்பான் 1903 முதல் விற்கிறது. அந்த வாசனைக்காகவே அதை விடாதவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். நிக்கல் பூசிய துப்பாக்கி என்றால் அமோனியா உள்ள செம்புக் கரைப்பான்களை அதன்மேல் ஊறவிடாதீர்கள். பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால், ஒரு சிறு கீறல் வழியாக உள்ளே போய் நிக்கலை உரித்துவிடும்.

வெறும் ஈயக் குண்டு சுடுகிறவர்களுக்குக் குழலின் பின்வாயில் ஈயம் படியும். சாம்பல் நிறப் பட்டை போலத் தெரியும். கரைப்பானுக்கு மசியாது. பாத்திரம் தேய்க்கும் அசல் செம்பு நாரில் சில இழைகளை எடுத்துப் பழைய பிரஷ்மேல் சுற்றி நாலு இழுப்பு இழுத்தால் செதில் செதிலாக வந்துவிடும். நாரைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, குழலுக்குள் விடக்கூடாது.

அறைகளில் ஒரு விஷயம். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், எல்லோரும் சுடுகிறோம். ஆனால் .38-இன் கூடு நீளம் குறைவு. அது முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் கட்டும். அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் கூடு இறுகிப்போய் எஜெக்டரால் தள்ள முடியாமல் தவிப்போம். .44 ஸ்பெஷல், .44 மேக்னமும் இப்படித்தான். நூறு ரவுண்டு .38 சுட்ட நாளில் ஒவ்வொரு அறைக்கும் பத்து முறை பிரஷ் போட்டால் போதும்.

ஃப்ரேமில் நீலமும் பழுப்புமாக மேகம் படர்ந்த கேஸ் ஹார்டனிங் நிறம் இருந்தால் அங்கே மெல்லிய துணியும் எண்ணெயும் மட்டும். அந்த நிறம் காகிதத்தைவிட மெல்லியது. பாலிஷ் போட்டால் போனது போனதுதான்.

கருமருந்து சுடுகிறவர்களுக்கு

பழங்காலக் கருமருந்து, அல்லது பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து சுட்டிருந்தால் அன்றே கழுவ வேண்டும். அன்றிரவே. அதன் கரி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். ஹூஸ்டன் காற்று சென்னைக் காற்றுக்குச் சளைத்ததல்ல. ஒரு ராத்திரி போதும், காலையில் செம்மண் தூவினாற்போல இருக்கும். கைப்பிடி மரத்தைக் கழற்றிவிட்டு, சிலிண்டரையும் குழலையும் வெந்நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெந்நீரின் சூட்டிலேயே இரும்பு சீக்கிரம் உலரும். உலர்ந்ததும் உடனே எண்ணெய்.

பெட்ரோலிய எண்ணெயும் கருமருந்துக் கரியும் சேர்ந்தால் தார் போல இறுகும். சுடுவதற்கு முன் பேஸ் பின்னுக்குத் தாவர எண்ணெய், தேன்மெழுகு சார்ந்த கிரீஸைப் பூசுங்கள். இல்லாவிட்டால் முப்பதாவது ரவுண்டில் சிலிண்டர் நகராது.

1900-க்கு முன் செய்யப்பட்ட அசல் கோல்ட் தாத்தா வழியாக உங்கள் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தால், இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது. அந்த இரும்பு கருமருந்துக்காகச் செய்யப்பட்டது.

ஸ்க்ரூக்கள்

சுடும்போது ஏற்படும் உதைப்பு, ஸ்க்ரூக்களை மெல்ல மெல்லக் கழற்றும். முதலில் தளர்வது குழலுக்கு அடியில் எஜெக்டர் கூட்டைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூ. சுடுதளத்தின் சரளைக் கல்லில் முழங்காலிட்டு அதைத் தேடுகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். அடுத்தது கைப்பிடிச் சட்டத்தின் ஸ்க்ரூக்கள். ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தால் கழற்றி, மரையிலிருக்கும் எண்ணெயைப் போக்கி, மரையைப் பிடித்துக்கொள்ளும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு துளி, ஊசிமுனை அளவு, போட்டு முடுக்குங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

பொருத்தமான டிரைவர் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். வீட்டு டிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருகும்போது மேலேறி, ஸ்க்ரூ தலையைச் சிதைக்கும். துப்பாக்கி டிரைவரின் நுனி இருபுறமும் இணையாக இழைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் நிரப்பி நிற்கும். பழைய துப்பாக்கி பார்க்கப் போகும்போது ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். சிதைந்திருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள், அதுவும் அவசரத்தில்.

பேஸ் பின் உதைப்பில் தானாக முன்னால் நகர்கிறதா என்றும் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்தால் இப்படி ஆகும். ஸ்பிரிங்கை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ரூகருக்கு வேறு பேஸ் பின் வாங்கிப் போட்டவர்கள் ட்ரான்ஸ்ஃபர் பார் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். நீளம் கொஞ்சம் கூடினாலும் பின்னின் பின்முனை பாரில் இடிக்கும்.

உள்ளே திறப்பது

எனக்கு இது ஆண்டுக்கு ஒருமுறை. ஆயிரத்து ஐநூறு ரவுண்டு தாண்டாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கோல்ட் வகையில் வரிசை: கைப்பிடி மரம், பின்சட்டம், மெயின் ஸ்பிரிங், ட்ரிக்கர் கார்டு, இரண்டு கால் ஸ்பிரிங், பிறகு நாக்கு, ட்ரிக்கர், ஹேண்டோடு ஹேமர். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுக்கொன்று வேறு. ஒரு அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

ரூகரில் ஹேமரை இழுத்து நிறுத்தினால், மெயின் ஸ்பிரிங்கின் நடுக்கம்பியில் சிறு துளை தெரியும். அதில் ஒரு ஆணியையோ கம்பித்துண்டையோ செருகிவிட்டு ஹேமரை இறக்கினால் ஸ்பிரிங் அடங்கி நிற்கும். மற்ற சின்ன ஸ்பிரிங்குகள் தெறிக்கும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் துப்பாக்கியையும் இரண்டு கைகளையும் விட்டுக் கழற்றுவது நல்லது. கண்ணாடி அணியுங்கள்.

உள்ளே போனதும் அழுக்கை எடுங்கள், எண்ணெய் வையுங்கள், மூடிவிடுங்கள். ட்ரிக்கர் நுனியையும் ஹேமர் பள்ளத்தையும் கல்லில் தேய்த்து ‘ஸ்மூத்’ ஆக்க வேண்டாம். அங்கே மேல்தோல்தான் கடினம். அதைத் தாண்டிவிட்டால் மென்மையான இரும்பு, சில நூறு ரவுண்டில் தள்ளிப் பார்க்கும் பரிசோதனையில் ஹேமர் விழ ஆரம்பிக்கும்.

எண்ணெயும் இருப்பிடமும்

பேஸ் பின் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு. ஹேமரின் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. ஹேண்ட் வெளியே வரும் பிளவில் ஒன்று. நாக்கில் ஒன்று. இவ்வளவுதான். அறைகளுக்குள்ளும் குழலுக்குள்ளும் எண்ணெய் தங்கக்கூடாது. சுடப் போகும் முன் ஒரு உலர்ந்த துணியை விட்டு எடுங்கள். அதிக எண்ணெய் கைப்பிடி மரத்துக்குள் இறங்கி அதைக் கறுக்க வைக்கும்.

தோல் உறையில் வைத்தபடி பீரோவில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் இருக்கும். இரண்டே மாதத்தில் உறையின் தையல் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் சிலிண்டரில் துருப்புள்ளி வரிசை விழுந்ததை நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் பார்த்திருக்கிறேன். சிலிக்கோன் தடவிய துணி உறையோ, இரும்புப் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் பொட்டலமோ போதும். வியர்வை அதிகம் சுரக்கும் கை என்றால், பூட்டும் முன் கடைசியாக ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி வெறுங்கையால் தொடாதீர்கள். பெட்டியின் பூட்டு, வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூட்டியே இருக்கட்டும்.

பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டும் வைத்திருக்கிறேன். தேதி, எத்தனை ரவுண்டு, சிலிண்டர் இடைவெளி, முன்பின் ஆட்டம், எந்த ஸ்க்ரூ தளர்ந்தது, எத்தனை க்ளிக். என் .45-க்குக் கடந்த மூன்று வருடமாகச் சிலிண்டர் இடைவெளி 0.15, 0.15, 0.15 என்று எழுதியிருக்கிறது. உறைக்குள் போய் வந்து சிலிண்டரின் முன் விளிம்பு தேய்ந்து வெளுத்திருக்கிறது. அதைத் துடைத்து உள்ளே வைக்கிறேன்.